சி.பி.இ.டி. தேர்வு: எந்த வழியில் படிப்பது?

பத்து வருடம் வென்டிலேட்டரோடு குடித்தனம் நடத்தியவர்கூட, பயோமெடிக்கல் கருவி டெக்னீஷியன்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சி.பி.இ.டி.யின் கேள்விகளில் தடுமாறுவதுண்டு. திறமைக் குறைவு அதற்குக் காரணமில்லை. ஒரு கருவியை எவ்வளவு ஆழமாகத் தெரியும் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. ஒரு மருத்துவமனையையே பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு எத்தனை விஷயம் தெரிந்திருக்க வேண்டுமோ, அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறது. அந்த மருத்துவமனை இருப்பதோ அமெரிக்காவில். எந்தப் புத்தகம் வாங்குவது, வகுப்பில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

தேர்வை நடத்துவது ஏ.ஏ.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு. 3 மணி நேரம், 165 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பாடப்பகுதிகள் ஆறு: உடற்கூறும் உடலியங்கியலும், மருத்துவமனைப் பாதுகாப்பு, மின்சார–மின்னணு அடிப்படை, கருவிகள் வேலை செய்யும் விதம், பழுது கண்டறிதல், மருத்துவத் தகவல் தொழில்நுட்பம். கருவிகளும் பழுதும் சேர்ந்தாலே ஏறக்குறைய பாதித் தேர்வு முடிந்துவிடும். நம்மவர்கள் பலர் அந்தப் பாதிக்கு மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். கோட்டை விடுவது மற்ற பாதியில்.

இந்தச் சான்றிதழ்தான் வேண்டுமா?

படிக்க உட்காரும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சி.பி.இ.டி.க்கு அனுபவம் கட்டாயம். பயோமெடிக்கல் கருவித் தொழில்நுட்பத்தில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் இருந்தால் 2 ஆண்டு வேலை அனுபவம் போதும். மின்னணுவியலில் அதே பட்டம் என்றால் 3 ஆண்டு. பட்டத்தைக் கணக்கில் காட்டாமல் வருவதென்றால் 4 ஆண்டு முழுநேர வேலை. நம் ஊர் டிப்ளமோ எதற்குச் சமம் என்ற பேச்சில் மாட்டிக்கொள்ள விரும்பாதவர்களுக்குக் கடைசி வழியே நிம்மதி.

அனுபவம் இன்னும் சேராதவர்களுக்கு அதே அமைப்பின் சி.ஏ.பி.டி. இருக்கிறது. அடிப்படையைச் சோதிக்கும் தொடக்கநிலைத் தேர்வு அது. எக்ஸ்ரே, சி.டி. பக்கமே வேலை பார்ப்பவருக்கு சி.ஆர்.இ.எஸ்., ஆய்வகக் கருவிகளில் இருப்பவருக்கு சி.எல்.இ.எஸ். என்று தனித்தனித் தேர்வுகளும் உண்டு.

அமெரிக்காவிலேயே இது அரசு கொடுக்கும் உரிமம் கிடையாது, விருப்பப்பட்டு எடுப்பதுதான். அங்கே வேலை தேடுபவருக்கு இதன் மதிப்பு நேரடியானது. வளைகுடாவில் அமெரிக்க முறையில் இயங்கும் பெரிய மருத்துவமனைகள் சிலவும் வேலை விளம்பரத்திலேயே இதைக் குறிப்பிடுகின்றன. சென்னையிலோ கோவையிலோ உள்ள மருத்துவமனையிலேயே இருந்துவிடப் போகிறவர் என்றால், அதே பணத்தையும் நேரத்தையும் கருவித் தயாரிப்பாளர் நடத்தும் சர்வீஸ் பயிற்சியில் போடுவது கைமேல் பலன் தரும். சான்றிதழ் வாங்கியதோடு கதை முடிவதுமில்லை. 3 ஆண்டுக்கு ஒருமுறை, 30 தொடர்கல்விப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் டாலரில்தான் கட்டணம்.

நமக்கென்றே இருக்கும் ஓட்டைகள்

தயாரிப்பு முறைகளை ஒப்பிடும் முன், தமிழ்நாட்டிலோ வளைகுடாவிலோ பழகிய கைக்கு எங்கே இடிக்கும் என்று பார்த்துவிடலாம். நிறங்களில் தொடங்குவோம்.

ஐந்து ஒயர் ஈ.சி.ஜி. கேபிளில் சிவப்பு ஒயர் கழன்றுவிட்டது. எந்த லீட் மட்டும் தப்பிக்கும்? நம் ஊரில் அதிகம் புழங்கும் ஐ.இ.சி. நிறமுறையில் சிவப்பு வலக்கைக்கு. வலக்கை போனால் லீட் 1, லீட் 2 இரண்டும் போய் லீட் 3 மட்டும் நிற்கும். அமெரிக்க நிறமுறையில் சிவப்பு இடக்காலுக்கு. அங்கே லீட் 2, லீட் 3 போய் லீட் 1 மட்டும் மிஞ்சும். ஐந்தோவன் முக்கோணம் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்தவரும் நிறத்தில் சறுக்கினால் விடை தப்பு. அமெரிக்க முறையில் வெள்ளை வலக்கை, கறுப்பு இடக்கை, பச்சை வலக்கால், பழுப்பு மார்பு. இதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

இதே ரகத்தில் இன்னும் மூன்று:

- மின் ஒயர்: அமெரிக்காவின் 120 வோல்ட் இணைப்பில் கறுப்பு என்றால் லைவ், வெள்ளை என்றால் நியூட்ரல். நம் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல்.
- வாயுக் குழாய்: அமெரிக்காவில் ஆக்சிஜன் பச்சை, மருத்துவக் காற்று மஞ்சள், வேக்குவம் வெள்ளை. ஐ.எஸ்.ஓ. முறையில் ஆக்சிஜன் வெள்ளை, வேக்குவம் மஞ்சள்.
- தீயணைப்பு: அமெரிக்க வகைப்பாட்டில் 'சி' என்றால் மின்கருவித் தீ. இந்திய வகைப்பாட்டில் 'சி' என்றால் எரிவாயுத் தீ.

அடுத்தது விதிகள். லீக்கேஜ் கரன்ட் என்றதும் நமக்கு ஐ.இ.சி. 60601 நினைவுக்கு வரும். தேர்வு கேட்பது அமெரிக்க விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 99. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நோயாளி அருகே பயன்படும், ஒயர் போட்டு இயங்கும் கருவிக்கு எர்த் இணைந்திருக்கும்போது 100 மைக்ரோஆம்பியர், எர்த் விட்டுப்போன நிலையில் 500 மைக்ரோஆம்பியர் வரம்பு. எர்த் தடை 0.5 ஓம். ஆபரேஷன் தியேட்டரின் லைன் ஐசொலேஷன் மானிட்டர் 5 மில்லிஆம்பியரில் அலறும். கருவியால் நோயாளி இறந்தால் மருத்துவமனை 10 வேலை நாட்களுக்குள் எஃப்.டி.ஏ.வுக்கும் தயாரிப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டும். இது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கடமை. இந்தியாவில் 2015இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தில் அறிக்கை அனுப்பிப் பழகியவருக்கு இதன் நோக்கம் உடனே பிடிபடும். காலக்கெடுவை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும்.

மின்பாதுகாப்புக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 1,200 பேர் மின்கசிவால் இறக்கிறார்கள் என்று நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் 1971இல் எழுதினார். அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அது கிளப்பிய பயத்தில் மருத்துவமனைகள் கருவிகளைச் சோதிக்க ஆள் வைக்கத் தொடங்கின. இந்தத் தொழில் அங்கே வேரூன்றியதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

புத்தகங்கள்: எது எதற்கு

கந்தபூரின் 'ஹேண்ட்புக் ஆஃப் பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன்' நம் கல்லூரிகளில் எல்லாருக்கும் தெரிந்தது. கருவிகளின் இயக்கத்தைப் பொறுத்தவரை அதை விட்டுவிட்டு வேறு தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே அலமாரியில் இருந்தால் புதிதாக வாங்காதீர்கள். ஆனால் அமெரிக்க விதிமுறைகளுக்கு அதை நம்ப முடியாது.

வெப்ஸ்டரின் 'மெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன்' வடிவமைப்பாளருக்கான நூல். ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள அருமையானது. இந்தத் தேர்வுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. மின்பாதுகாப்பு அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடலாம்.

கார், பிரவுன் இருவரும் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் டு பயோமெடிக்கல் எக்விப்மென்ட் டெக்னாலஜி' டெக்னீஷியனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. உடலியங்கியலில் தொடங்கிக் கருவிக்குப் போய், பழுதில் முடியும். தேர்வின் போக்கும் ஏறக்குறைய அதுதான். வயதான புத்தகம் என்பது குறை. நெட்வொர்க் பகுதிக்கு உதவாது. பார்பரா கிறிஸ்டியின் 'இன்ட்ரொடக்‌ஷன் டு பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன்' மெல்லியது, எளியது, அமெரிக்க மருத்துவமனைச் சூழலை அப்படியே காட்டுவது. மருத்துவமனைக்கு வெளியே, கம்பெனி சர்வீஸில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால்? கந்தபூர் கையில் உள்ளவர் கிறிஸ்டியை வாங்கலாம். எதுவுமே இல்லாதவருக்குக் கார்–பிரவுன். தகவல் தொழில்நுட்பத்துக்கு எந்தப் பயோமெடிக்கல் நூலையும் நம்ப வேண்டாம். காம்ப்டியா நெட்வொர்க்+ தேர்வுக்கான ஏதாவது ஒரு நூலில் ஓ.எஸ்.ஐ.யின் 7 அடுக்குகள், ஐ.பி. முகவரி, சப்நெட் மட்டும் படித்து, மேலே டைகாம், எச்.எல்.7, பேக்ஸ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்துக்கு டைகாம், நோயாளித் தகவல் செய்திக்கு எச்.எல்.7 என்ற பிரிவினை தெளிவாக இருந்தால் பல கேள்விகள் தானே அவிழும்.

வகுப்பா, வினாவங்கியா, கூட்டுப் படிப்பா

ஏ.ஏ.எம்.ஐ.யின் சொந்தப் பயிற்சிப் பொருட்கள் பாடத்திட்டத்தோடு ஒட்டியவை. விலை நம் பணத்தில் கொஞ்சம் கடிக்கும். விதிமுறைப் பகுதியே பலவீனம் என்பவருக்கு இது செலவுக்குத் தகும். கருவிப் பகுதிதான் பலவீனம் என்பவருக்கு அதே பணத்தில் இரண்டு புத்தகம் வரும்.

நேரலை வகுப்புகளை அமெரிக்க மாநிலப் பயோமெடிக்கல் சங்கங்கள் சிலவும் தனியாரும் நடத்துகிறார்கள். நம் நேரத்துக்கு அவை இரவில் விழும். சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விளக்குகிறார்களா, கேள்விக்கு விடை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார்களா? இரண்டாவது வகை என்றால் அது வாய் பேசும் வினாவங்கி. காசு கொடுக்க வேண்டியதில்லை.

வினாவங்கிகளிலும் கைபேசிச் செயலிகளிலும் நன்மையும் ஆபத்தும் சரிபாதி. 'தமனி ரத்த அழுத்த டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே சரிந்தால் ரீடிங் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு 'கூடும்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், தேர்வில் 'மேலே ஏறினால்?' என்று மாற்றிக் கேட்டால் திணறுவார். டிரான்ஸ்டியூசர் கீழே போனால் அந்த உயரத்துக்கான திரவ எடையும் சேர்ந்து அழுத்தும், 10 செ.மீ.க்குச் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடும் என்று புரிந்துகொண்டவருக்கு எப்படிக் கேட்டாலும் ஒன்றுதான். பழுது கண்டறிதல் பகுதி முழுக்க இப்படித்தான்: நர்ஸ் 'மானிட்டர் தப்பாகக் காட்டுது' என்பார், மானிட்டரில் பழுதே இருக்காது. ஆகவே வினாவங்கியைப் பாடமாக வைத்துக்கொள்ளாமல், எங்கே ஓட்டை என்று காட்டும் பரிசோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் புத்தகத்தில் பக்கம் தேடிப் படித்தால்தான் அது காசு பெறும்.

செலவே இல்லாதது கூட்டுப் படிப்பு. குழுவில் எல்லாரும் ஒரே கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர்கள் என்றால் அதில் பயனில்லை. எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே, தெரியாததும் ஒன்றே. ஐ.சி.யூ. கருவி பார்ப்பவர், லேப் பார்ப்பவர், காட்டரியும் அனஸ்தீசியாவும் பார்ப்பவர் என்று மூன்று நான்கு பேர் வாரம் ஒருமுறை வாட்ஸ்அப் அழைப்பில் கூடி, ஆளுக்கொரு கருவியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம் படியாமலே ஏறிவிடும்.

யாருக்கு எது

மருத்துவமனைப் பயோமெடிக்கல் துறையில் எல்லாக் கருவியும் பார்ப்பவர்: உங்களுக்குக் கருவிப் பகுதி அநேகமாகத் தயார். கிறிஸ்டி, ஏ.ஏ.எம்.ஐ.யின் பாதுகாப்புப் பகுதி, நெட்வொர்க் அடிப்படை போதும். வகுப்பு வேண்டாம்.

கம்பெனி சர்வீஸில் ஒரே வகைக் கருவியோடு இருப்பவர்: முதலில் கிறிஸ்டி, பிறகு கார்–பிரவுன் முழுவதும், கலப்புக் குழு ஒன்று, நண்பர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அனுமதி வாங்கிச் சில நாள் தடுப்புப் பராமரிப்பு (பி.எம்.) வேலையைக் கூடவே நின்று பார்ப்பது. வகுப்பு உங்களுக்குப் பயன்படும். பயிற்சிக்கென்று ஒதுக்கும் காலமும் முதலாமவரைவிட இரு மடங்கு வேண்டும்.

புதிதாகப் படித்து வந்தவர்: சூத்திரங்கள் இப்போது உங்கள் நாக்கின் நுனியில் இருக்கும். 32 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 5,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் டிஃபிபில் 400 ஜூல் சேரும் என்று பேனா எடுக்காமலே சொல்வீர்கள். இல்லாதது மருத்துவமனை அனுபவம். சி.ஏ.பி.டி.யை இப்போது எழுதி, வேலையில் சேர்ந்து, தகுதி வந்த வருடமே சி.பி.இ.டி. எழுதுவது நல்லது. தள்ளிப்போட்டால் சூத்திரங்கள் மறந்துவிடும்.

எந்த வகையானாலும், பணம் கட்டுமுன் ஏ.ஏ.எம்.ஐ.யின் விண்ணப்பதாரர் கையேட்டை இறக்கிப் படியுங்கள். தகுதி விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும். பிறகு எதையும் படிக்காமல் ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதி, ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். மிகக் குறைந்த இரண்டு பகுதிகள் எவையோ அவற்றுக்கான புத்தகத்தையும் வகுப்பையும் மட்டும் வாங்குங்கள். அதிக மதிப்பெண் வந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாகத்தான் இருக்கும். தேர்வில் அதற்குக் கூடுதல் மதிப்பெண் யாரும் போடப் போவதில்லை.