கல்லைத் தட்டிப் பார்த்து எடுங்கள்

வேப்பம்பட்டில் வீடு கட்டக் கொட்டிய ஜல்லியில் கற்கருவி செய்ய முடியுமா? வீண் வேலை. அது பெரும்பாலும் கருங்கல். அடித்தால் நினைத்தபடி சில்லு பெயராது. ஓட்டை விழுந்த செம்புரைக்கல் உதிர்ந்தே போகும்.

தேட வேண்டியது குவார்ட்சைட் கூழாங்கல். இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தது இந்தக் கல்லில்தான். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கருவியும் குவார்ட்சைட்டே.

விரிசல் தெரியும் கல்லை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தை இன்னொரு கல்லால் லேசாகத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘டொப்’ என்றால் உள்ளே விரிசல் இருக்கலாம். இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். நல்ல கல்லில் பள்ளம் விழாது, ஆணியின் சாம்பல் நிறத் தடம்தான் பதியும். புதிதாக உடைந்த முகத்தில் மட்டி ஓட்டின் வளைவும் கூரான விளிம்பும் தெரியும். மணல் மணலாக விரலில் உதிர்ந்தால் அது வெறும் மணற்கல்.

உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; சில்லு கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

அசல் கருவிகளைப் பார்க்கத் தொல்லியல் துறையின் பூண்டி அருங்காட்சியகம் இருக்கிறது. அத்திரம்பாக்கம் போனால் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.