விளக்கு எரிகிறது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

பவானிபூர் எல்ஜின் சாலையிலுள்ள நேதாஜி பவனத்தில் 'வாண்டரர்' என்னும் பழைய ஜெர்மானியக் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1941 ஜனவரி 16-க்கும் 17-க்கும் இடைப்பட்ட இரவில், சுபாஷ் சந்திர போஸ் காவலர் கண்ணுக்குத் தப்பி வீட்டைவிட்டு வெளியேறியது இக்காரில்தான். தமையன் மகன் சிசிர் குமார் போஸ் வண்டியை ஓட்டினார். கோமோ ரயில் நிலையத்தில் போஸ் ரயிலேறினார். 2017 ஜனவரியில், புதுப்பிக்கப்பட்ட இக்காரைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். அவ்விரவில் வண்டி கிளம்ப மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அதைக் காண்பவர் மனத்தில் எழாமல் இராது.

நமக்கு அத்தனை பெரிய பொறுப்பு இல்லை. ஆயினும், பழைய அம்பாசடர் ஒன்றை நம்பிப் பிழைப்பவருக்குக் காலையில் வண்டி கிளம்பாவிடில் அன்றைய வருவாய் போயிற்று. அவர் கடன்பட்டுப் புதிய பாட்டரி வாங்குகிறார். சில நாட்களில் மீண்டும் பழைய கதைதான். குற்றம் பாட்டரியினுடையதா, வேறொன்றினுடையதா என்று அளந்து பார்க்காததே இதற்குக் காரணம்.

ஓம் விதி சொல்லும் பாடம்

"விளக்கு நன்றாக எரிகிறதே, மின்சாரம் இருக்கிறதே!" என்பார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். பாட்டரி முனைக்கும் அதைப் பற்றும் கிளாம்புக்கும் இடையே வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்து, 0.02 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 45 வாட் முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் இழப்பு 0.15 வோல்ட் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியர் கேட்கும். அப்போது இழப்பு 3 வோல்ட்! பாட்டரி கொடுப்பதில் கணிசமான பகுதி அந்த முனையிலேயே வெப்பமாகிவிடும். கிளாம்பு சூடேறியிருப்பதே இதற்கு ஓர் அடையாளம்.

சோதிக்கும் முறை

முதலில் கியரை நியூட்ரலில் வைத்துக் கைப் பிரேக்கைப் போடுக. எஞ்சின் ஓடிவிடாதிருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய கம்பியைக் கழற்றி, அதன் நுனி எதிலும் படாமல் ஒதுக்கி வைக்க.

1. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்க. 12.6 இருந்தால் முழு மின்னூட்டம், 12.0 என்றால் பெரும்பாலும் வற்றிவிட்டது. வற்றியதை மின்னூட்டிய பின்பே மேலே சோதிக்க வேண்டும்.

2. ஒரு நண்பரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லி, அதே இடத்தில் அளக்க. 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பாட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது ஸ்டார்ட்டரே இறுகி அளவுக்கு மீறி இழுக்கலாம்.

3. பாட்டரி தாங்கி நின்றும் மோட்டார் சுழலாவிடில், மீட்டரின் ஒரு நுனியை ஈய முனையிலும் மறு நுனியைக் கிளாம்பிலும் வைத்து மீண்டும் இயக்கச் செய்க. அரை வோல்ட் காட்டினாலும் குற்றவாளி அதுவே. கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும், செலவே இல்லை.

4. அடுத்து எர்த் கம்பி. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனைச் சட்டத்தோடு இணைக்கும் பின்னல் கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்ப வழியில்லை. அது ஆக்சிலரேட்டர் கம்பி வழியே திரும்ப முயன்று அக்கம்பியைச் சுட்டுவிடுவதும் உண்டு.

ஓடிய பின்னும் வற்றுவதேன்?

எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். 12.6-ஐத் தாண்டாவிடில் மின்னூட்டம் இல்லை. முதலில் விசிறிப் பட்டை தளர்ந்துள்ளதா என்று காண்க. டைனமோ உள்ள பழைய வண்டிகள் எஞ்சின் மெல்ல ஓடுகையில் மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். ஆகவே, நெரிசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் வரவைவிடச் செலவே மிகும்.

நிறுத்திய வண்டியில் மறைவான கசிவும் இருக்கலாம். டிக்கி விளக்கு அணையாமல் அரை ஆம்பியர் இழுத்தாலும், 50 ஆம்பியர்-மணி பாட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில், காலியாகும். எல்லாவற்றையும் அணைத்து, எர்த் கிளாம்பைக் கழற்றி, இடையில் அம்மீட்டரை இணைத்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க. முள் எப்போது இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அப்போது ஸ்டார்ட்டரை இயக்கினால் மீட்டர் பாழாகும்.

எச்சரிக்கை

மின்னூட்டும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அருகே நெருப்பு ஆகாது. கழற்றுகையில் எர்த் கம்பியை முதலிலும், மாட்டுகையில் அதனைக் கடைசியிலும் கையாளுக. சில பழைய வண்டிகளில் நேர்முனையே எர்த், பார்த்தே மாட்டுக. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் டயோடுகளைக் கெடுக்கும்.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். மல்லிக் பஜாருக்கு உதிரிப் பாகம் தேடி ஓடுமுன், ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த விதியை வண்டியிடம் கேட்டுப் பார்ப்போம். ஓர் ஏழை ஓட்டுநரின் ஒரு மாதச் சேமிப்பு அதனால் மிஞ்சக்கூடும்.