ஒன்றரை லட்சத்தில் கார்பன் ரோடு பைக்: கார்டைத் தேய்ப்பதற்கு முன்

கார்பன் ரோடு பைக்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? முதல்ல கணக்குப் போடுவோம்.

அலுமினியத்துல இருந்து கார்பனுக்கு மாறினா குறையுற எடை பெரும்பாலும் ஒன்றரை கிலோவுக்குள்ளதான். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னா, அது 2 சதவீதம்கூட இல்லை. ஏற்காடு மலைப்பாதையில அந்த வித்தியாசம் தெரியும். ஈசிஆர் மாதிரி சமதளத்துல உங்களைப் பிடிச்சு இழுக்கிறது காத்துதான். அதனால, விலை குறைந்த கியர் செட் போட்ட கார்பனைவிட, அதே விலைக்கு ஷிமானோ 105 போட்ட அலுமினியம்தான் என் சாய்ஸ்.

அடுத்து ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சிடுவாங்க, சரி. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். 1,50,000 ரூபாய், 12 மாசம், 15% வட்டின்னா வட்டி சுமார் 11,500. அதுக்கு ஜிஎஸ்டி மட்டும் 2,070. பிராசஸிங் ஃபீஸ் தனி.

பல ரோடு பைக்குகளுக்கு பெடலையே தனியாத்தான் வாங்கணும் (ஆமா, பெடல்!). ஹெல்மெட், லைட், பம்ப், பூட்டு எல்லாத்துக்கும் 15,000 ஒதுக்கிட்டு, மிச்சத்துக்கு பைக் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் கார்பன்? உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஃபிரேம் வாரன்டியும் பெரும்பாலும் முதல் ஓனருக்கு மட்டும்தான். விழுந்த வண்டியான்னு கடையில காட்டி செக் பண்ணாம அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.