படங்காட்டும் மவுஸின் பொத்தான்களை எமக்கேற்ப மாற்றியமைத்தல்

எமது சங்கத்தின் பொருளாளர் ஒரு விவசாயி. போர்க்காலத்தில் ஷெல் வீச்சில் வலது கை விரல்கள் மூன்றை இழந்தவர். பல தடவை இடம்பெயர்ந்தபோதும் சங்கத்தின் கணக்குக் கொப்பியைக் கைவிடாதவர். சங்கத்துக்கு ஒரு மேசைக் கணனியும் புரொஜெக்டரும் கிடைத்த பின்னர், உழவு இயந்திர நிதியின் வரவு செலவைத் திரையில் காட்டி விளக்க அவரே முன்வந்தார். கையில் ஒரு கம்பியில்லாப் படங்காட்டும் மவுஸ் இருந்தது. கடன் நிலுவைப் பக்கம் வந்த வேளையில் அவருடைய பெருவிரல் தவறான பொத்தானில் பட்டது. படம் சட்டென்று மூடியது. மறுபடி அழுத்தினார், முதற் பக்கத்திலிருந்து தொடங்கியது. “என்ன அண்ணை, கணக்கை மறைக்கிறியளோ?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டுவிட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் சபையில் சிரிப்பு எழவில்லை.

தவறு பொருளாளரிடம் இல்லை. இரு கைகளிலும் எல்லா விரல்களும் உள்ளவருக்கென்று செய்யப்பட்ட கருவி அது. அதன் பொத்தான்களை எமக்கேற்ப மாற்றலாம் என்பதை நாம் அன்று அறிந்திருக்கவில்லை.

முதலில் இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதனை மவுஸ் என்று அழைத்தாலும், கணனியைப் பொறுத்தவரை இவற்றுட் பெரும்பாலானவை சிறிய விசைப்பலகைகளே. கணனியில் செருகும் சிறு வாங்கிக்கு, 2.4 கிகாஹேட்ஸ் வானொலி அலைமூலம் கருவி செய்தி அனுப்புகிறது. முன்செல்லும் பொத்தானை அழுத்தினால் ‘பேஜ் டவுன்’ விசையை அழுத்தியது போலக் கணனி எடுத்துக்கொள்கிறது. பின்செல்லும் பொத்தான் ‘பேஜ் அப்’. திரையைக் கறுப்பாக்கும் பொத்தான் பல கருவிகளில் வெறும் முற்றுப்புள்ளி விசைதான். படத்தைத் தொடங்கும் பொத்தான் ஒருமுறை ‘எஃப் 5’ என்றும் அடுத்தமுறை ‘எஸ்கேப்’ என்றும் மாறி மாறி அனுப்பும். எமது பொருளாளரை மாட்டிவிட்டது இந்தப் பொத்தானே. ‘எஸ்கேப்’ படத்தை மூடியது. அடுத்து வந்த ‘எஃப் 5’ அதனை முதற் பக்கத்திலிருந்து தொடங்கியது.

உங்கள் கருவி எந்தப் பொத்தானுக்கு எதை அனுப்புகிறது என்பதை நீங்களே சோதித்தறியலாம். விண்டோஸ் கணனியில் ‘நோட்பாட்’ என்னும் எழுதுபக்கத்தைத் திறந்து, திரையில் அடங்காத அளவுக்கு நீண்ட ஏதாவது எழுத்தை அதில் இடுங்கள். பின்பு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பக்கம் கீழே நகர்ந்தால் அது ‘பேஜ் டவுன்’. ஒரு புள்ளி விழுந்தால் அது திரையைக் கறுப்பாக்கும் பொத்தான். அன்றைய திகதியும் நேரமும் தாமாக எழுதப்பட்டால் அது ‘எஃப் 5’. நோட்பாட்டில் அந்த விசையின் வேலை அதுதான். ‘எஸ்கேப்’ மட்டும் அங்கே ஒன்றும் காட்டாது. கண்டவற்றைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘பவர்டோய்ஸ்’ என்னும் மென்பொருள் போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இது இயங்கும். அதனுள் ‘கீபோர்ட் மனேஜர்’ என்ற பகுதியைத் திறந்து, ஒரு விசையை மாற்றுவதற்கான ‘ரீமெப் எ கீ’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இப்பெயர் சற்று வேறுபடலாம். அங்கே ஒரு பக்கத்தில் அழுத்தும் விசையும், மறுபக்கத்தில் அதற்குப் பதிலாகக் கணனிக்குச் செல்லவேண்டிய விசையும் கேட்கப்படும்.

நாம் செய்த முதல் மாற்றம் ‘எஃப் 5’ இற்குப் பதிலாக ‘ஷிஃப்ட்’ உடன் ‘எஃப் 5’ செல்லுமாறு வைத்தது. பவர்பொயின்ட் மென்பொருளில் ‘எஃப் 5’ மட்டும் என்றால் முதற் பக்கம். ‘ஷிஃப்ட்’ உம் சேர்ந்தால் நாம் நிற்கும் பக்கத்திலிருந்து படம் தொடங்கும். இனி விரல் தவறிப் படம் மூடினாலும் அதே பொத்தானை மீண்டும் அழுத்தினால் விட்ட பக்கத்துக்கே வந்துவிடலாம். தவறு நேராமல் தடுக்க முடியாவிட்டால், நேர்ந்த தவறை ஒரே அழுத்தலில் திருத்த வழிசெய்வது நல்லது. இம்மாற்றத்தைச் சேமிக்கும்போது, தனி ‘எஃப் 5’ இனிக் கிடைக்காது என்று கணனி எச்சரிக்கும். தொடருமாறு கூறுங்கள்.

அடுத்தது பிடி. எஞ்சிய விரல்களால் கருவியின் தலைப்பக்கத்தைப் பிடிப்பதே பொருளாளருக்கு இலகு. ஆகவே அவர் அதனைத் தலைகீழாகப் பிடிக்கிறார். வானொலி அலை என்பதால் கருவி எப்பக்கம் பார்த்தாலும் வேலை செய்யும். ஆனால் அப்படிப் பிடிக்கையில் முன்செல்லும் பொத்தான் இடப்பக்கமும் பின்செல்லும் பொத்தான் வலப்பக்கமும் வந்துவிடும். எனவே ‘பேஜ் அப்’ ஐ ‘பேஜ் டவுன்’ ஆகவும், ‘பேஜ் டவுன்’ ஐ ‘பேஜ் அப்’ ஆகவும் இரண்டு வரிகளில் மாற்றினோம். ஒரு வரியை மட்டும் மாற்றினால் இரண்டு பொத்தான்களும் ஒரே திசைக்கே செல்லும். லேசர் ஒளி இப்பிடியில் பிடிப்பவரின் முகத்தை நோக்கும், கண்ணுக்குக் கூடாது. லேசர் பொத்தானின் மேல் தடித்த மட்டைத் துண்டொன்றை வைத்து ரேப் ஒட்டிவிட்டோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மாற்றம் கைக்கருவிக்கு மட்டுமன்றி, கணனியின் உண்மையான விசைப்பலகைக்கும் சேர்த்தே நடக்கிறது. கூட்டத்துக்கு மறுநாள் கடிதம் அடிக்க வந்த எமது செயலாளர் தங்கச்சி, பக்கம் தலைகீழாக ஓடுகிறதென்று வைரஸ் புகுந்துவிட்டதாகவே பயந்துபோனார். கூட்டம் முடிந்ததும் ‘கீபோர்ட் மனேஜர்’ ஐ நிறுத்திவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி இயக்கினால் பழைய மாற்றங்கள் அப்படியே இருக்கும். இதே காரணத்தால் ‘எஸ்கேப்’ விசையையும் முற்றுப்புள்ளியையும் தொடாதீர்கள். புள்ளி போய்விட்டால் கணக்கில் ரூபாவையும் சதத்தையும் எப்படிப் பிரித்து எழுதுவது? கருவிக்கு மட்டும் தனியே மாற்றம் வேண்டுமென்றால் லினக்ஸ் கணனியில் அதற்கு வழியுண்டு. ஆனால் அது சற்றுப் பழகியவர் செய்யவேண்டிய வேலை.

திரையில் அம்பை நகர்த்தும், உண்மையான மவுஸ் போன்ற கருவி உங்களிடம் இருந்தால் மென்பொருளே தேவைப்படாமற் போகலாம். பவர்பொயின்ட்டில் இடது சொடுக்கு முன்செல்லும். வலது சொடுக்கு ஒரு பட்டியலைத் திறக்கும். பவர்பொயின்ட்டின் ‘ஒப்ஷன்ஸ்’ இல் ‘அட்வான்ஸ்ட்’ என்ற பக்கத்தில், வலது சொடுக்குக்குப் பட்டியல் காட்டும் தெரிவின் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், வலது சொடுக்கு முந்திய பக்கத்துக்குச் செல்லும்.

எதையும் மாற்றுமுன் வாங்கியையும் பாருங்கள். மேசைக் கணனியின் பின்புறத்தில் செருகினால் இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். அழுத்தியும் படம் நகராமல் நிற்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். முன்புறத் துளையில் செருகுங்கள், அல்லது யூ.எஸ்.பி. நீட்டு வயர் ஒன்றால் வாங்கியை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். பற்றரியைக் கூட்டத்துக்கு முதல்நாளே சோதியுங்கள்.

பொருளாளர் இரண்டு பின்னேரங்கள் வெறும் மண்டபத்தில் பழகினார். அடுத்த கூட்டத்திலும் விரல் ஒருமுறை தவறியது. மீண்டும் அழுத்தினார், கடன் நிலுவைப் பக்கமே வந்து நின்றது. அதன்பின் கேள்விகளெல்லாம் டீசல் செலவைப் பற்றியே எழுந்தன. அவற்றுக்கு மறுமொழி சொல்ல அவருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.