பல் குடமா, பால் குடமா?



தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் இளையர் குழு டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் கூடியது. பால்குடம் எடுப்பவர்களின் பட்டியலை நான்தான் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, பல் குடம்னா என்ன? பல்லை வச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தப்பு அவனுடையது இல்லை. பி-ஏ-எல் என்று நான் எழுதியதை 'பல்' என்றும் படிக்கலாம், 'பால்' என்றும் படிக்கலாம். அவன் தேவாரம் படிப்பதும் கைப்பேசியில், இதே ஆங்கில எழுத்தில்தான். அங்கே எத்தனை பால் பல்லாகிறதோ! அதனால் இந்த மாதப் பாடம், குறிலும் நெடிலும்.

நம் கணக்கு

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. இது தொல்காப்பியக் கணக்கு. குறில் 5, நெடில் 7. படம் - பாடம், விடு - வீடு, குடை - கூடை, கொடி - கோடி. எழுத்தைப் பார்த்தாலே நீளம் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தின் கணக்கு

ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதான். உயிரொலிகளோ அதைவிட மிக அதிகம். அதனால் நீளத்தைக் காட்டச் சில குறுக்குவழிகள் வைத்திருக்கிறார்கள்.

1. இரட்டை 'இ' வந்தால் பெரும்பாலும் 'ஈ'. ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் ஆடு.

2. இரட்டை 'ஓ' பல இடங்களில் 'ஊ': மூன், ஃபூட். ஆனால் புக், குட், லுக் ஆகியவற்றில் குறில். இவற்றை மனப்பாடம்தான் செய்யணும்.

3. மெய்யெழுத்து இரட்டித்தால் அதற்கு முன்னுள்ள உயிர் பெரும்பாலும் குறில். ஒரு 'என்' போட்டால் டைனர், இரண்டு போட்டால் டின்னர்.

4. கடைசியில் ஒலிக்காத 'இ' வந்தால் பிட் என்பது பைட் ஆகும், ஹாப் என்பது ஹோப் ஆகும்.

நான்காவதைப் பள்ளியில் 'நீண்ட உயிர்' என்றுதான் சொல்லித் தருவார்கள். 'இ'யை நீட்டினால் 'ஈ'தானே வரணும், 'ஐ' எப்படி வந்தது? ஒரு காலத்தில் 'ஈ'தான் இருந்தது. பைட் என்ற சொல் 'பீட்டெ' போலவும், நேம் 'நாமெ' போலவும் ஒலித்தன. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறின. நடுவில், 1476இல், காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கினார். எழுத்து அச்சில் நிலைத்துக்கொண்டே வந்தது. நாக்கு மட்டும் நகர்ந்துவிட்டது.

நம் ஊர்ப் பேச்சில் ஷிப், ஷீப் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். நேர்முகத் தேர்வில் "இங்கே வசிக்கிறேன்" என்று சொல்ல வந்து, லிவ் என்பதை லீவ் என்று இழுத்தால், "இங்கிருந்து கிளம்புகிறேன்" என்றாகிவிடும். நமக்குத்தான் குறில் நெடில் காதிலேயே இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஷிப்பின் 'இ' வெறும் குட்டை 'ஈ' இல்லை. அதற்கு நாக்கைக் கொஞ்சம் தளர்த்திக் கீழே இறக்கணும்.

நிலையத்தின் பெயர்

இப்போது டோபி காட் பலகையைப் பாருங்கள். இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில் துணி துவைத்ததால் வந்த பெயர். இந்தியில் 'காட்' என்றால் படித்துறை. அதில் வருவது நெடில் 'ஆ'. அந்த 'ஆ'வைக் காட்டத்தான் ஆங்கிலேயர்கள் 'ஏ-யு' என்று இரண்டு எழுத்து போட்டார்கள். குறில் 'அ'வுக்கு 'யு' போட்டார்கள். பஞ்சாபிலும், நம் கறியிலிருந்து போன 'கர்ரி'யிலும் 'யு' வந்தது அப்படித்தான். அந்த வழக்கம் இன்று மறந்துவிட்டது. என் நண்பர்கள் பலர் 'ஏ-யு'வைப் பார்த்து, வாயைக் குவித்து 'கோட்' மாதிரிதான் சொல்கிறார்கள்.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலின் ஆங்கிலப் பெயரையும் பாருங்கள். 'வீ' நெடில் என்பதற்கு இரட்டை 'இ' இருக்கிறது. 'மா'வுக்கும் 'கா'வுக்கும் வெறும் ஒற்றை 'ஏ'தான். தமிழ் தெரியாதவர் 'வீரமகலி' என்று படித்தால் குற்றம் சொல்ல முடியுமா?

அதனால் ஆங்கிலத்தை ஆங்கில விதிப்படி படிப்போம். தேவாரத்தைத் தமிழ் எழுத்தில் படிப்போம். எழுத்து கூட்டிப் படிக்க நேரமாகும், பரவாயில்லை. அதுவரை ஆங்கில எழுத்துதான் வேண்டும் என்றால், நெடிலுக்கு எழுத்தை இரட்டியுங்கள்.

அடுத்த தைப்பூசப் பட்டியல் தமிழில்தான். அந்தத் தம்பியே தட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பயிற்சி: உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாத நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எத்தனை நெடில் தப்பியது என்று எண்ணிப் பாருங்கள்.