கண்வலிக்கிழங்குச் சாகுபடி

கோடையில் இருந்த இடமே தெரியாது மண்ணுள் உறங்கி, ஆடியில் முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் தீக்கொழுந்து போல் பூத்து நிற்பது செங்காந்தள். நம் மாநில மலரும் இதுவே. கிழங்கு இரு கவையாகக் கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பர். சந்தையில் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். இதன் விதையிலுள்ள கால்ச்சிசின் என்னும் பொருள் கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. ஆகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகவே இது பயிராகிறது.

நீர் தேங்காத மண் வேண்டும். தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். கவையின் நுனியிலேதான் முளைக்கண் உண்டு. அது ஒடிந்த கிழங்கு முளைக்காது. கூடையில் கொட்டி வாரும் வழக்கத்தை இப்பயிருக்கேனும் விட்டுவிட வேண்டும். இலை நுனியே பற்றுச்சுருளாகி ஏறுவதால், கம்பிப் பந்தலோ முட்கிளுவைக் கொம்போ கொடுத்தல் அவசியம்.

பூ நிறையக் கண்டும் காய் சிலவே என்று அங்கத்தினர் பலர் முறையிடுகின்றனர். பூவை நின்று நோக்கினால் காரணம் விளங்கும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் வளைந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. ஆதலால் காலை 8 மணி முதல் 11 மணிக்குள், அன்று மலர்ந்த பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். இழை பிணைக்கப் பழகிய நெசவாளர் வீட்டு விரல்களுக்கு இது எளிதாகவே வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. வேகவைத்தாலும் நீங்குவதில்லை. சர்க்கரைவள்ளி என்றெண்ணிச் சமைத்துண்டு இறந்தோர் உண்டு. விதைக்கிழங்கை அடுப்படியிலோ, பிள்ளைகள் கைக்கு எட்டும் பரணிலோ வைத்தல் கூடாது. கையுறையின்றித் தொடலாகாது. தவறி உண்டவரை, வாந்தி தொடங்கும் வரை காத்திராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. உண்டது இன்னதென்று மருத்துவரிடம் மறையாது கூறுக.

காய் பழுத்து ஓடு சுருங்கியதும் பறித்து, விதையை நிழலில் உலர்த்துக. விலை ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறி இறங்கும். செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே ஆவதால், கடன் கேட்குமுன் முதலாண்டில் சிறு பாத்தி அளவில் நட்டுப் பார்த்தலே தக்கது என்பது என் கருத்து. நட்ட கிழங்கு மண்ணிலேயே புதுக்கிழங்கு வைக்கும். மறு ஆண்டு நடவுக்கு அதனையே பயன்படுத்தலாம்.