கற்றாழையின் இலை வாடினால் வேரைப் பாருங்கள்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வேலியோரத்தில் நட்டு மறந்துவிட்டாலும் கற்றாழை தானாக வளர்ந்து கன்று போடும். அதே கன்றைக் கினிகத்தேனைக்குக் கொண்டுவந்து, நல்ல எரு இட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும் சில மாதங்களில் இலை மஞ்சளித்துச் சரிந்துவிடுகிறது. கவனிப்பார் இல்லாத இடத்தில் வாழ்ந்த செடி, கவனிப்புக் கூடிய இடத்தில் ஏன் சாகிறது? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி இல்லை. சுவரோரமும் தாழ்வாரமும் நாலைந்து உரப்பைகளுமே தோட்டம். ஒரு செடி அழிந்தாலும் அது எமக்கு இழப்புத்தான். நோயைச் சரியாக அறியாமல் மருந்து வாங்கினால் செடியோடு பணமும் போய்விடும்.

இலை ஒரு தண்ணீர்த் தொட்டி

கற்றாழை இலையின் உள்ளே இருக்கும் வழுவழுப்பான சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீரே உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை உள்ளெடுக்கின்றன. அப்போது அவற்றின் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. கற்றாழை, கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளோ பெரும்பாலும் இரவிலேயே துளைகளைத் திறக்கின்றன. ஆகவே அவை செலவழிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. இது வரண்ட நாட்டுக்கு ஏற்ற ஏற்பாடு.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. கினிகத்தேனையை அடுத்த வட்டவளையில் அது 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இம்மலைச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும்.

மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. காற்றில்லாத வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. அதைத் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றினால் எஞ்சிய வேரும் அழுகிவிடும். மழையை விரும்பும் தேயிலைக்கே மலையில் கான் வெட்டி மேலதிக தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். கற்றாழைக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இலையைப் பார்த்து அறிதல்

1. இலை மெலிந்து, உட்புறமாகச் சுருண்டு, தொட்டால் உறுதியாக இருக்கிறது, மண்ணும் காய்ந்திருக்கிறது. இது உண்மையான தாகம். கூரையின் கீழ் மழைபடாத சாடிகளில் தை, மாசி மாதங்களில் இதைக் காணலாம்.

2. அடியிலைகள் மஞ்சளித்து, கண்ணாடி போல் நீர் கோத்து, அழுத்தினால் குழைகின்றன. இது வேர் அல்லது தண்டு அழுகல். துர்நாற்றமும் வீசினால் பற்றீரியாவும் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

3. இலையில் வட்டமான, குழிவிழுந்த கபில நிறப் புள்ளிகள் தோன்றிப் பெருகுகின்றன. இது பெரும்பாலும் பங்கசு நோய். பனியும் மழையும் இலையில் நெடுநேரம் தங்கினால் இது பரவும். 1946இல் இலங்கையில் காணப்பட்ட தேயிலைக் கொப்புள நோயும் இத்தகைய ஈரத்திலேயே பரவுகிறது என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தோர் அறிவர்.

4. இலை முழுவதும் செங்கபில நிறமாகிறது. ஆனால் உறுதியாக இருக்கிறது. நிழலில் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இவ்வாறாகும். இது நோயன்று. சில நாட்கள் அரை நிழலில் வைத்தால் மெல்லத் தேறும்.

5. இலை வெளிறி, நீண்டு, தரையில் படுக்கிறது. இது வெளிச்சக் குறைவு.

6. இலைக் கக்கத்தில் மாவு அப்பியது போல் வெள்ளைப் பூச்சிகள் இருக்கின்றன. இவை சாற்றை உறிஞ்சும் வெண்மூட்டுப்பூச்சிகள். எறும்புகள் ஏறி இறங்கினால் அவ்விடத்தை நன்கு அவதானிக்கவும்.

முதலாவதும் இரண்டாவதும் தூரத்திலிருந்து பார்க்கையில் ஒன்று போலவே தோன்றும். ஒன்றுக்குத் தண்ணீர் மருந்து. மற்றதற்கு அதுவே நஞ்சு. ஆகையால் தண்ணீர் ஊற்றுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். விரலை மண்ணுள் இரண்டு அங்குலம் விட்டு ஈரம் பாருங்கள். இலையின் அடியை அழுத்திப் பாருங்கள். ஐயமிருந்தால் செடியை மெல்லக் கிளப்பி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று வரும்.

அழுகிய செடியைக் காப்பாற்றுதல்

கத்தியை நெருப்பில் வாட்டி ஆறவிட்டு, அழுகிய வேரையும் இலையையும் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி நீக்குங்கள். வெட்டியவற்றைக் கூட்டெருக் குழியில் போடாமல், தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள். செடியை மழைபடாத நிழலில் நான்கைந்து நாட்கள் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் புதிய மண்ணில் நடுங்கள். அதன்பின் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் விட வேண்டாம். நடுக்குருத்தே குழைந்து நாறினால் தாய்ச்செடி தப்பாது. பக்கக் கன்றுகள் உறுதியாக இருந்தால் அவற்றைப் பிரித்து இவ்வாறே காயவிட்டு நடலாம்.

வெண்மூட்டுப்பூச்சிகளைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, பின் நல்ல தண்ணீரால் கழுவி, செடியைச் சரித்து வடியவிடுங்கள். புள்ளி விழுந்த இலைகளை மழையில்லாத நாளில் அகற்றுங்கள்.

வருமுன் காத்தல்

மண்: தோட்டத்து மண்ணில் ஒரு பங்கு, கூட்டெருவில் ஒரு பங்கு, பருமணலும் சிறு சல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு கலக்கவும். பச்சை மாட்டெரு கூடாது.

இடம்: நிலத்தில் நட்டால் ஓரடி உயரமான வரம்பு கட்டி, இருபுறமும் சிறு கான் வெட்டுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி விட்டால் காற்று ஓடி இலை விரைவில் காயும். கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் ஒருபோதும் நட வேண்டாம்.

உரப்பை: அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, இரண்டு கற்களின் மேல் வையுங்கள். நிலத்தில் நேராக வைத்தால் துளை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளிச்சம் படும் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

தண்ணீர்: மண் நன்கு காய்ந்தபின் மட்டும் அடியில் ஊற்றவும். குருத்தில் ஊற்ற வேண்டாம்.

வெட்டுதல்: மழை ஓய்ந்த நாளில், வெளிப்புற முதிர்ந்த இலைகளை மட்டும் வெட்டுங்கள். ஈர நாளில் வெட்டினால் காயத்தின் வழியே அழுகல் புகும்.

சேமிப்பு: எல்லாக் கன்றுகளையும் ஓரிடத்தில் வைக்காதீர்கள். ஒரு கன்றையாவது தனிச் சாடியில், தனி மண்ணில் வைத்திருங்கள். வரம்பில் உள்ளவை அழுகினாலும் அந்த ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

வெட்டிய இலையிலிருந்து வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். உண்பதற்கு எடுக்கும்போது அதை முற்றாக வடியவிட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் உட்கொள்ளலாகாது. மருந்தடித்த செடியின் இலையை உணவுக்கோ காயத்துக்கோ எடுக்க வேண்டாம்.

மற்றது, கற்றாழைக்கு நல்ல விலை உண்டு என்ற பேச்சைக் கேட்டு, இருக்கும் சிறு நிலம் முழுவதிலும் அதை நட்டுவிடாதீர்கள். வாங்குபவர் யார், எவ்வளவு வாங்குவார் என்பதை முதலில் அறியுங்கள். மழை மிகுந்த இம்மலையில் நாலைந்து செடிகள் வீட்டுத் தேவைக்குப் போதும். நோய் பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் வாடியிருக்கும் ஒரு செடியைக் கொண்டுவந்து வேரைப் பாருங்கள். அது தாகமா, அழுகலா?

2. முன்பு நீங்கள் வாழ்ந்த ஊரின் மண்ணுக்கும் இவ்வூர் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அங்கு பழகிய எந்த வழக்கங்களை இங்கு மாற்ற வேண்டும்?

3. உங்கள் வீட்டைச் சுற்றி மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது? அதை வெளியேற்ற அயலவர் சேர்ந்து கான் வெட்ட முடியுமா?